முப்பத்தேழு மொடல்

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த முதல் வாரம், ஒரு காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு, "ஓடி வா, முப்பத்தாறு போகுது!" என்று கத்தினார். நானும் வாளியோடு நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்தாறு பேரும் போகவில்லை, முப்பத்தாறு ஆடும் போகவில்லை. ஒரு பழைய லாரி புகை விட்டுக்கொண்டு போனது. என் கணவர் அந்தோணிதான் பிறகு விளக்கினார்: அது லாரி பிறந்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. இங்கே லாரி என்று சொன்னால் சிரிப்பார்கள், லொறி என்று சொல்ல வேண்டும். மாடல் அல்ல, மொடல். தூத்துக்குடியில் பெற்ற பிள்ளையின் வருடத்தையே 'பெரிய மழைக்கு மறுவருஷம்' என்று சொல்லி ஒப்பேற்றுகிற எங்களுக்கு, இரும்புக்கு ஜாதகம் பார்க்கிற ஊர் வேடிக்கையாகத்தான் இருந்தது.

யுத்தம் முடிந்தும் புது வண்டிகள் கப்பலில் சரியாக வந்து சேராத காலம் அது. ஓடியவையெல்லாம் யுத்தத்துக்கு முந்தியவை. அந்தோணி ஓட்டிக்கொண்டிருந்த லொறியை அதன் முதலாளி விற்றுவிட்டதால் வேலை போயிற்று. அப்போதுதான் பக்கத்துத் தெரு சோடாக் கம்பெனியில் சொன்னார்கள்: சொந்த வண்டியோடு மாதப் பிறப்புக்குள் வந்தால், வெள்ளவத்தைக் கடைகளுக்குச் சோடா கொண்டுபோகும் வேலை உங்களுக்கு. வராவிட்டால் எங்களுக்குத் தூத்துக்குடிக் கப்பல்தான். என் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்தால் பின்பக்கம் திறந்த சின்ன லொறி ஒன்று வாங்கலாம். தப்பானதை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

பக்கத்தில் கிராண்ட்பாஸில் மெக்கானிக் நூர்தீன் நானா இருந்தார், அந்தோணியின் சிநேகிதர். நானா என்றால் அங்கே அண்ணன். வருடங்களைப் பற்றி அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கைகள் இருந்தன.

"தங்கச்சி, முப்பத்தாறு எண்டா கண்ணை மூடிட்டு எடுக்கேலும். முப்பத்தேழு வாணாம். அந்த வருஷம் கம்பனிக்காரன் பிரேக்கை மாத்திட்டான். இறக்கத்துல அது நிக்காது, நாங்கதான் நிக்கணும்."

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சோறு குழைந்தால் அந்தோணி, "இது முப்பத்தேழு" என்பார். மீன் நன்றாக அமைந்தால் முப்பத்தாறு.

கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு முப்பத்தாறு கிடைத்தது. கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், எங்கள் ஊர்ப் பேச்சில் சந்தில், வீடு. சொந்தக்காரர் சிற்றம்பலம், ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா. நாங்கள் மூவரும் போனோம். பச்சைப் பெயின்ட் அடித்து, பூச்சூடாத குறையாக நின்றது வண்டி. நூர்தீன் நானா என்ஜினுக்குக் காது கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், பாட்டுக் கேட்கிறவர் மாதிரி.

"ஒரே கை, தம்பி. என்ர கைதான்," என்றார் சிற்றம்பலம் பெருமையோடு. "பத்து வருசமா ஒவ்வொரு பின்னேரமும் கடலைப் பாக்க நிப்பாட்டி, நல்லாக் காத்து வாங்க விட்டனான்."

எனக்குச் சுருக்கென்றது. உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

"பிள்ளை! உதென்ன செய்யிறீர்?" என்று பதறினார் சிற்றம்பலம்.

அடிச்சட்டத்தை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு. நகத்தால் சுரண்டினேன், அப்பளம் மாதிரி ஒரு செதில் உதிர்ந்தது. அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது.

"கருவாடு போட்டு வச்சிருக்காருங்க!" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

சிற்றம்பலத்துக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்த மனிதர் வேட்டியை மடித்துக்கொண்டு தானும் தவழ்ந்து வந்தார். என் விரல் போன ஓட்டையில் தன் விரலையும் விட்டுப் பார்த்தார். இருவரும் வண்டிக்கு அடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தோம்.

"ஓம், பிள்ளை," என்றார் மெதுவாக. "நானெல்லோ இதைச் சாக்காட்டிப்போட்டன்." பிறகு எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

மாதப் பிறப்புக்கு மூன்று நாள் மிச்சமிருந்தது. அகப்பட்டது ஒரே வண்டி, கிராண்ட்பாஸில் பலகை விற்கிற மரக்காலையில். முப்பத்தேழு. நூர்தீன் நானா வர மறுத்தார். அந்தோணி அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

முன்பக்கம் நசுங்கி, கதவு கயிற்றில் தொங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. நான் நேரே அடியில் போனேன். சட்டம் கல் மாதிரி இருந்தது. வெளியே தலையை நீட்டியபோது, மரக்காலைச் சொந்தக்காரரான சிங்கள ஐயா, எல்லோரும் மஹத்தயா என்று கூப்பிடுகிறவர், குனிந்து சிங்களத்தில் கேட்டார்: "நோனா உபன்னே கொஹெத?"

'உப்பு' என்றுதான் என் காதில் விழுந்தது. "உப்பே இல்லை! நக்கிப் பாத்துட்டேன்!" என்று நாக்கை நீட்டிக் காட்டினேன்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். நூர்தீன் நானாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "தங்கச்சி, உப்பு இல்ல! நீங்க எங்க பொறந்தண்டு கேக்குறார்!"

சிரித்த கையோடு அவர் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சக்கரத்தையும் கழற்றினார். பிறகு தெருவே திரும்பும்படி, 'இருக்கு'வை 'ஈக்கு' ஆக்குகிற தன் பேச்சில் கூவினார்: "அந்தோணி! ஆரோ முப்பத்தாறு பிரேக்கை எடுத்து இதுக்குப் போட்டீக்கிறான்! கெட்ட வருஷத்துல பொறந்தது பத்து வருஷம் ஓடியீக்குதெண்டா, ஆரோ அதைத் திருத்தித்தான் ஈக்கணும். இது தெரியாம நான் இவ்வளவு நாளும் வருஷத்தைத் திட்டிக்கிட்டு ஈந்தேனே!"

அன்றே வாங்கினோம். கதவைப் பொருத்தி, நசுங்கலைத் தட்டி, நீலப் பெயின்ட் அடித்தார் நூர்தீன் நானா. கதவில் ஊர்ப்பெயர் எழுதும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. பிழைக்கிற ஊர் என்று கொட்டாஞ்சேனையைச் சொன்னார் அந்தோணி. பிறந்த ஊரை நான் விடவில்லை. தூரிகையோடு காத்திருந்து அலுத்த நூர்தீன் நானா, "கதவு ரெண்டு ஈக்குதே," என்றார். அந்தோணி பக்கம் கொட்டாஞ்சேனை, என் பக்கம் தூத்துக்குடி.

மாதப் பிறப்பன்று சோடாப் போத்தல்கள் கலகலக்கப் புறப்பட்டோம். ஒவ்வொரு இறக்கத்திலும் அந்தோணியோடு நானும் காலை அழுத்தினேன், வண்டி நின்றது, இருவரும் விக்கல் வரும்வரை சிரித்தோம். போகும்போது காலிமுகத்திடலில் கடல் வலப்பக்கம், அந்தோணியின் கதவை ஒட்டி வந்தது. மத்தியானம் வெறும் பெட்டிகளோடு வீட்டுக்குத் திரும்பும்போது அது என் பக்கம் வந்துவிட்டது. காலையில் எங்களைக் கொட்டாஞ்சேனைக்காரர்களாகப் பார்த்த அதே தண்ணீர் இப்போது என் கதவில் தூத்துக்குடியைப் படித்துக்கொண்டு வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஈரம் காயாத எழுத்தைத் தொடாமல், அதற்கு மேலேயே வைத்திருந்தேன்.