செல்லம்மாளின் தம்ளர்

சுங்க இலாகாவில் அடுத்தவர் சாமான்களுக்கு மதிப்புப் போட்டே ஓய்வு பெற்றவன் நான். விதிகள் அத்தனையும் மனப்பாடம், கேட்கத்தான் ஆளில்லை. அதனால் கல்கத்தா லேக் மார்க்கெட்டில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, அண்ணி முறை வைத்து நான் பௌதி என்று அழைப்பவர், கூப்பிட்டதும் கையுறையோடு போய்விட்டேன்.

அங்கே பரப்பியிருந்தவை, மறைந்த அவர் கணவர் மணிப்பூரில் வேலை பார்த்தபோது இரண்டாம் உலகப் போர்க்களத்து மண்ணைத் தோண்டிச் சேர்த்தவை: தோட்டா உறைகள், பெல்ட் கொக்கிகள், தண்ணீர்க் குப்பிகள். தேறுவதைப் பிரித்து அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தார் பௌதி.

நசுங்கிய பித்தளைத் தம்ளர் ஒன்றைக் குப்பைப் பக்கம் தள்ளினேன். "இது சமையல் பாத்திரம், பௌதி. ராணுவச் சாமானில் சேராது."

"ஏன் தாதா, சிப்பாய்க்குத் தாகமே எடுக்காதா?" என்று என்னை அண்ணன் முறையில் அழைத்துச் சிரித்தபடி அதை முந்தானையால் துடைத்தார். "இதென்ன கீறல்?"

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன். புள்ளிபுள்ளியாகத் தமிழில் வெட்டியிருந்தது: செல்லம்மாள்.

"சிப்பாய் பேரா?"

"இல்ல, பொண்ணு பேரு. கல்யாணத்துக்குக் குடுக்கற பாத்திரத்துல எங்க பக்கம் இப்படி வெட்டுவோம்."

பௌதியின் சிரிப்பு நின்றது. "அப்ப இதைக் குடுத்தனுப்பினவ வாசலையே பார்த்துட்டு இருந்திருப்பா."

"அவன் திரும்பிப் போயிருக்கலாம். தம்ளர் மட்டும் தொலைஞ்சிருக்கலாம்" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

அருங்காட்சியகப் பெட்டியில் அதைத்தான் முதலில் வைத்தேன். எந்த ஊர்க்காரியோ, எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனாலும் அவள் வீட்டைத் தேடிப் போய், "அம்மா, உங்க தம்ளர் கிடைச்சுடுச்சு" என்று சொல்ல இன்னும் மனம் தவிக்கிறது.