தீயை அணைத்த மாரியப்பன்

மெயின் கேட்டிலேயே எனக்கு வாடை அடித்துவிட்டது. அழுகிய முட்டை வாடை. மார்கழி மாதம், இன்னும் முழுதாக விடியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கேஸ் எரிகிற பிளேர்க் குழாயில் தீ இல்லை.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோள ஸ்டார்ச் மில்லில் கழிவுநீர்ப் பிரிவு இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பயோகேஸ் என்றால் மாட்டுச்சாணம், சமையல் அடுப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாய்லர் நின்றால்

சோளத்தை ஊறவைத்து அரைத்து மாவை எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் நீர்மோர் மாதிரி இருக்கும். அதை அப்படியே வெளியே விட்டால் ஊரே மில் வாசலில் வந்து நிற்கும். அதனால் டைஜஸ்டர் என்கிற பெரிய மூடிய தொட்டிக்குள் பம்பு வைத்து ஏற்றுகிறோம். உள்ளே இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று கேஸ் விடும். கேஸ் ஒரு பெரிய பலூனில் சேர்ந்து, அங்கிருந்து பாய்லருக்குப் போய் எரியும்.

பாய்லர் ஓடுகிறவரை எல்லாரும் நல்லவர்கள். அது நின்றால்தான் தலைவலி. இன்றைக்கு ரிப்பேர், கொஞ்சம் பொறுங்கள் என்று பாக்டீரியாவிடம் போய்ச் சொல்ல முடியாது. வருகிற கேஸை உயரமான ஒரு குழாயின் நுனியில் எரித்துவிட வேண்டும். அந்தக் குழாய்தான் பிளேர்.

எங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டைத் தாண்டி, ஒரு பட்டாசு ஆலை. சட்டம் கேட்கிற தூரம் இருந்தது. ஆனால் இருட்டில் தீ எரிவதைப் பார்க்கிறவர்களுக்குச் சட்டம் கேட்கிற தூரம் போதாது.

அந்தக் காலை

முந்தைய நாள் சாயங்காலம் பாய்லர் டியூப் ஓட்டையாகி, பிளேரைப் பற்றவைத்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஷிப்டில் ஆபரேட்டர் மாரியப்பன். எங்களிடம் வருவதற்கு முன் பட்டாசு வேலை பார்த்தவன். அவன் மனைவி பேச்சியம்மாள் இப்போதும் வேலிக்கு அந்தப் பக்க ஆலையில்தான், மருந்து செலுத்துகிற அறையில்.

டைஜஸ்டர் பக்கம் போனேன். மாரியப்பன் முகத்தில் ஒரு நிம்மதி. தீ எங்கே என்று கேட்டேன்.

“நாந்தான் அணைச்சேன் மேடம். பட்டாசு ஆலை வேன் வந்துருச்சுல்ல. பொம்பளைக ரூமுக்குள்ள போற நேரம்.”

வால்வைக் கொஞ்ச நேரம் மூடித் தீயை அணைத்திருக்கிறான். மூடியே வைத்தால் பலூன் தாங்காது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் மறுபடி திறந்துவிட்டிருக்கிறான். பட்டாசு ஆலையில் பழகிய கை. தீயைக் கண்டால் அணைக்கும். எரிந்தவரை அந்தக் கேஸ் குழாய் நுனியோடு முடிந்துபோனது. இப்போது எரியாமல் வெளியே வருகிறது, காற்றோ வேலிப் பக்கம் அடிக்கிறது.

“ஏலே, ஒம் பொண்டாட்டி இப்ப எங்கன இருக்கா?” என்றேன்.

வேலியைப் பார்த்தான். அப்புறம் குழாயைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

மறுபடி பற்றவைக்க முடியாது. கேஸ் எதுவரை போயிருக்கிறதோ யாருக்குத் தெரியும். பம்பை நிறுத்து, வேறு எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் பட்டாசு ஆலை போர்மேனுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பார்? அங்கே எல்லார் போனும் கேட் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அந்த வயதில் நான் ஓடுவேன் என்று நானே நினைக்கவில்லை. ஓடினேன். பம்பை நிறுத்திவிட்டு வந்த மாரியப்பன் பாதி வழியில் என்னைத் தாண்டினான்.

கேட்டில் போர்மேன் எங்கள் இரண்டு பேரையும் மறித்தார்.

“மொதல்ல போனக் குடுங்க மேடம். செருப்பக் கழட்டுங்க.”

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. ஆனால் அவர் கேட்டதுதான் சரி, இரண்டிலிருந்தும் பொறி கிளம்பலாம். கொடுத்தேன், கழற்றினேன், விஷயத்தைச் சொன்னேன். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறை அறையாகப் போய், கையில் இருப்பதை மெதுவாக வைத்துவிட்டு வரச் சொன்னார். பெண்கள் ஓடவில்லை, கூச்சல் போடவில்லை. வரிசையாக நடந்து, வாடை வராத பக்கம் போய் நின்றார்கள். பேச்சியம்மாள் கடைசியாக வந்தாள், முழங்கைவரை அலுமினியப் பொடி. அவளைப் பார்த்ததும் மாரியப்பன் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் பேப்பரிலும் வரவில்லை. வெயில் ஏறிக் காற்று திரும்பியது. மீட்டரை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கேஸ் இல்லை என்று உறுதியான பிறகு பிளேரைப் பற்றவைத்தோம்.

மில் முதலாளி அண்ணாச்சி மத்தியானம் வந்தார்.

“அவனக் கணக்கு முடிச்சு அனுப்பிருங்க.”

“அனுப்பலாம் அண்ணாச்சி. புதுசா வர்றவனும் இந்த ஊர்க்காரந்தான். அவனும் அணைப்பான்.”

அண்ணாச்சி யோசித்தார். தீ அணைந்தால் அந்த நொடியே தானாகப் பற்றவைக்கிற கருவி வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது அன்றைக்குத்தான் அவர் காதில் ஏறியது. கருவி வந்தது. மாரியப்பனும் இருந்தான்.

பட்டாசு ஆலைப் பெண்களைக் கூட்டிவந்து பிளேரைக் காட்டி, எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று சொன்னேன். “அப்ப அது எரிஞ்சாத்தான் எங்களுக்கு நல்லதாக்கும்?” என்று பேச்சியம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததற்கு நேர்மாறாக அல்லவா சொல்கிறேன்.

வந்த புகார்

அடுத்த தடவை பாய்லர் நின்றது நல்ல வெயிலில். பிளேரைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தால், கேட்டில் கூட்டம் என்று வாட்ச்மேன் வந்து நிற்கிறார். அந்தப் பெண்கள்தான், முன்னால் பேச்சியம்மாள்.

“பாய்லர் நின்னுருச்சாம், தீயக் காணோம் மேடம். எரிய விட்டாத்தான் நாங்க உள்ள போவோம்.”

தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தக் கேஸின் தீ வெளிர்நீலம், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. குழாய் நுனிக்கு மேலே காற்று நெளிவதைக் காட்டினேன். பேச்சியம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு டைஜஸ்டர் அருகில் நின்ற புருஷனைப் பார்த்து, “பாத்துக்கிடுங்க, அணைய விட்டுறாதீக” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். தீ எரியவில்லை என்று சிவகாசி வட்டாரத்தில் ஒரு கூட்டம் புகார் சொல்லி வந்தது, என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நீங்கள் பயத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வரும்போதே கொண்டுவருவார்கள், பெரும்பாலும் வேறு எதன்மேலோ வைத்திருப்பார்கள். எதன்மேல் வைக்க வேண்டும் என்பதை வால்வைத் தொடவிடுவதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.