நடுத்துண்டு யாருக்கு

என் கணவர் போசணை பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு வயிறு எரியும். அவர் பாடசாலையில் சுகாதாரம் படிப்பிப்பவர். காபோவைதரேற்று சக்தி தரும், புரதம் உடலைக் கட்டும், கொழுப்பு உடற்சூட்டைக் காக்கும், விற்றமினும் கனியுப்பும் நோயைத் தடுக்கும் என்று இருபது வருடமாக ஒரே பல்லவி. சென்ற வருடம் தேவாலயத்து மாதர் சங்கத்திலும் பேசினார். பெரிய மட்டை ஒன்றில் கீரை, முட்டை, மீன் எல்லாம் படமாகக் கீறிக்கொண்டு வந்து, "வளருற பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் இரும்புச்சத்துக் கூட வேணும்" என்றார். பெண்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். முட்டையை அவிக்கக்கூடத் தெரியாத மனிதர், படத்தை மட்டும் நன்றாகக் கீறியிருந்தார்.

வீட்டில் நடப்பது வேறு. சுன்னாகம் சந்தையில் பாரை மீன் வாங்கி வருவார். செபம் சொல்லி முடித்ததும் அவரும் மகனும் மேசையில் சாப்பிடுவார்கள். நடுத்துண்டுகள் அவர்களுக்கு. பிறகு நானும் மகளும் குசினியில் சாப்பிடுவோம். எங்களுக்கு வால்துண்டு, அதுவும் மிஞ்சினால். மிஞ்சாவிட்டால் சோறும் குழம்பும், அது முடிந்த கையோடு சுடச்சுடப் பாலில்லாத ஒரு பிளேன்ரீ. கிணற்றடி முருங்கையின் இலையைப் பக்கத்து வீட்டு ஆடு தின்னும். கீரையைக் கண்டால் வாத்தியார் முகத்தைச் சுளிப்பார் என்பதால் நான் அதைச் சமைப்பதில்லை.

போன தவணை ஒரு நாள் மகள் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். பதினாறு வயது. கொஞ்ச நாளாகவே படி ஏறினால் மூச்சிளைத்தாள், புத்தகத்தின்மேல் தூங்கினாள். சோம்பல் என்று நான் ஏசியிருந்தேன். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்தார்கள். கடுமையான குருதிச்சோகை. இப்படியே விட்டால் இரத்தம் ஏற்ற வேண்டி வரும் என்று டொக்டர் அம்மா சொன்னார்.

"பிள்ளை என்ன சாப்பிடுறனீர்?" என்று டொக்டர் மகளிடம் கேட்டார்.

பதில் சொன்னது என் கணவர். "எங்கடை வீட்டிலை எப்பவும் சமநிலை உணவுதான் டொக்டர். நான் இதைத்தானே படிப்பிக்கிறனான்."

"நான் பிள்ளையைக் கேட்டனான்."

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சோறும் குழம்பும். பிறகு பிளேன்ரீ" என்றாள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் சரியாகச் சேராது என்று டொக்டர் சொன்னார். என் கணவரின் முகம் செத்துப்போயிற்று. பிள்ளையை நினைத்துப் பயந்துகொண்டிருந்த நேரத்திலும் அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தியதும் தொடங்கினேன். "ஊருக்கெல்லாம் மட்டையிலை மீன் கீறிக் காட்டுறியள். சொந்தப் பிள்ளை வெளிறிப்போனது உங்களுக்குத் தெரியேல்லை. நீங்களெல்லாம் ஒரு வாத்தியார்!"  மகள் குறுக்கே வந்தாள்.

"அப்பாவை மட்டும் ஏன் அம்மா ஏசுறியள்? நடுத்துண்டை எடுத்து அவையின்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை போடுறது நீங்கள்தானே. நான் ஒருநாள் கேட்டனான். பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த நாக்கு ஆகாது எண்டு சொன்னனீங்கள்."

சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. அவர் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை. நான்தான் குழம்புச் சட்டிக்குள் தேடித்தேடி எடுத்து வைத்தேன். அவரை மட்டமான மனிதர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அதைவிட மட்டமான வேலையைச் செய்திருக்கிறேன். அன்று முழுவதும் மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் நாலு பேரும் மேசையில் இருந்தோம். முதல் நடுத்துண்டை மகளின் தட்டில் வைத்தேன். பக்கத்தில் முருங்கையிலை வறையும் வைத்தேன். இவர் மெல்லச் செருமினார்.

"அதுக்கு மேலை கொஞ்சம் தேசிப்புளி பிழிஞ்சு குடும். விற்றமின் சீ இருந்தால்தான் உடம்பு இரும்புச்சத்தை நல்லாய் உறிஞ்சும்."

அந்த நேரத்திலும் பாடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்வரைக்கும் வந்த சொல்லை விழுங்கினேன். பிள்ளையின் உதடு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. எழுந்துபோய்த் தேசிக்காயை வெட்டினேன்.