பாதி கட்டினால் போதும்

கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, வட்ட லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. "இதைப் போட்டுப் பாருங்க, மாமியாரோட நல்ல குணம்கூடத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிடுவாள். யாரிடமும் கைநீட்டாதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கணவன் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த வருடம், அந்தப் பெருமையும் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஒரு கிரெடிட் கார்டில் தேய்த்தாள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்ததில் வட்டிதான் கரைந்தது, அசல் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. பிறகு அதையும் கட்ட முடியவில்லை.

கார்டுக்காரர்களிடமிருந்து கடைக்கே போன் வர ஆரம்பித்தது. முதலாளி எடுப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளிடம் நீட்டுவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருக்கும்.

அதட்டும் குரல்களுக்கு நடுவே ஒருநாள் ஒரு பெண் பேசினாள்.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

லென்ஸ் அக்கா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். எத்தனை நாளாயிற்று, அந்தப் பக்கத்திலிருந்து யாராவது இப்படிக் கேட்டு!

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுக்கா. பாதி கட்டினாப் போதும். மீதியை நாங்க விட்டுடறோம். கணக்கை முடிச்சிடலாம்."

"நெஜமாவா சொல்றே?"

"உங்ககிட்ட நான் பொய் சொல்வேனா? ஆனா இந்த மாசத்துக்குள்ள முடிச்சிடணும்."

வீட்டில் சொன்னபோது கணவன் காலை நீட்டிப் போட்டபடி யோசித்தான். "அவங்களுக்கு நம்ம மேல திடீர்னு என்ன இவ்வளவு பாசம்?"

"உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். நல்லது நடந்தாக்கூட நம்பமாட்டே."

கழுத்துச் சங்கிலியை விற்றுக் கட்டினாள். "இனிமே எங்க போனே வராதுக்கா" என்றாள் அந்தப் பெண். சொன்னபடியே வரவில்லை. கடையில் போன் மணி அடிக்காத அந்த அமைதி முதலில் சுகமாக இருந்தது. பிறகு என்னவோ போல இருந்தது. வலித்துக்கொண்டிருந்த பல் சட்டென்று மரத்துப்போனால் நாக்கு அங்கேயே போய்த் தடவுமே, அப்படி.

அந்த வேகத்திலேயே, கல்யாணமான புதிதில் வாங்கி ஒருநாளும் தவணை தவறாத பழைய கார்டில் இருந்த சில்லறைப் பாக்கியையும் அடைத்தாள். "கணக்கை மூடிடுங்க" என்று வங்கிக்குச் சொல்லிவிட்டு, கார்டை ஃபிரேம் வெட்டும் கத்தரியால் துண்டாக்கினாள். மாதச் சாமான் வாங்க, கொஞ்சமே செலவழிக்க விடும் ஒரு சின்ன கார்டை மட்டும் வைத்துக்கொண்டாள்.

கணவன் தேறி, சாரம் ஏறாமல் தரையில் நின்றபடி செய்யும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். கொஞ்சம் பணமும் சேர்ந்தது. அப்போதுதான் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். அவர்கள் குடியிருந்த பகுதியை விற்கப் போகிறாராம், மகளோடு போய் இருக்கப் போகிறாராம்.

"வெளியாளுக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும்னு தோணிச்சும்மா. ஆனா என்னால ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

சொன்ன விலை நியாயமான விலை. முன்பணம் கையில் இருந்தது, மீதிக்கு வீட்டுக்கடன். கடனெல்லாம் அடைத்தவளுக்கு யார் இல்லை என்பார்கள் என்று தலை நிமிர்ந்து வங்கிக்குப் போனாள்.

கடன் பிரிவு அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் கையை நீட்டி வாங்கி நிமிர்த்திக் கொடுத்திருப்பாள்.

"கடனை ஒழுங்காக் கட்டறீங்களான்னு பார்த்து மார்க் போடுவாங்களே, அந்த ஸ்கோர் உங்களுக்கு ரொம்பக் கீழ இருக்கும்மா."

"எப்படி சார்? எல்லாத்தையும் அடைச்சிட்டேனே!"

"அடைச்சீங்க. ஆனா இந்த ஆஸ்பத்திரிக் கார்டு கட்டி முடிச்சதுன்னு பதிவாகல. 'செட்டில்டு'ன்னு இருக்கு. அதாவது, கொடுத்தவன் மீதியை நஷ்டமா எழுதிட்டான். எந்த வங்கி பார்த்தாலும், இவங்க முழுசாத் தரமாட்டாங்கன்னுதான் படிப்பாங்க. வருஷக்கணக்கா நிக்கும் இது."

"பாதி போதும்னு அவங்கதானே சொன்னாங்க?"

"அவங்களுக்குப் போதும்." அவர் குரலில் கோபமோ இரக்கமோ இல்லை. "இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பழைய கார்டை அடைச்சது சரி, ஏன் மூடினீங்க? உங்களுக்கு இருந்த பெரிய கடன் லிமிட்டே அதுலதான். இப்ப மிச்சம் இருக்கிற சின்ன கார்டு, மளிகை வாங்கினாலே முக்கால்வாசி நிரம்பிடுது. வெளியே இருந்து பாக்கிறவனுக்கு, இவங்க கழுத்தளவு கடன்ல இருக்காங்கன்னு தோணும்."

அவள் கை தன்னையறியாமல் வெறும் கழுத்தைத் தடவியது.

வெளியே வந்து அந்தப் பெண்ணின் எண்ணுக்கே அடித்தாள். ஓர் ஆண் எடுத்தான். "யாரு? அப்படி யாரும் இங்க இல்லியே. கார்டு நம்பர் சொல்லுங்க." அவன் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மீதியையும் முழுசாகக் கட்டினால் பதிவை மாற்றச் சொல்லி ஸ்கோர் போடுகிற நிறுவனத்துக்கு எழுதுவார்களாம். எப்போது மாறும்? "எங்க கையில இல்லீங்க." எவ்வளவு கட்டவேண்டும் என்றும் சொன்னான். சேர்த்து வைத்த முன்பணத்தில் பெரும்பகுதி அது.

கணவன் தன் வாயால் 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"கட்டினா வீடு போயிடும்" என்றாள்.

"கட்டாட்டியும் கடன் கிடைக்காது. வீடு எப்படியும் போச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் கட்டைக்கு அவனே பார்த்துப் பார்த்துப் பூசிய நீலம் இன்னும் மங்கவில்லை. "நாளைக்கு எதுக்காவது போய் நின்னா, அப்பவும் இதே பதில்தான் வரும். கட்டிடு."

கட்டினாள். இந்த முறை யார் பேச்சையும் நம்பவில்லை. பாக்கி எதுவுமில்லை என்ற கடிதம் கைக்கு வரும்வரை கார்டு கம்பெனி அலுவலகத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காவலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

பதிவு மாறுவதற்குள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஒரு காலை அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, வாங்கப் போகிறவர் மேஸ்திரியோடு உள்ளே நுழைந்தார். அவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மேஸ்திரி விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டான். சமையலறைச் சுவருக்கு வந்ததும், "இதை எடுத்துடலாம் சார், ஹால் பெரிசாயிடும்" என்றான். அவள் அந்தச் சுவரில் சாய்ந்துதான் நின்றிருந்தாள். நகர்ந்து வழிவிட்டாள்.

ஊருக்கு வெளியே, தரைத்தளத்தில், ஓதமேறிய இரண்டு அறைகளுக்குக் குடிபோனார்கள். ஆஸ்பத்திரிக் கார்டின் பதிவு ஒருவழியாக மாறியது. சின்ன கார்டில் கொஞ்சமாகச் செலவழித்து, பில் வருவதற்கு முன்பே கட்டிக்கொண்டு வருகிறாள். ஸ்கோர் ஏறுகிறதுதான், எறும்பு ஊர்கிற மாதிரி. அடுத்த வருடம் வந்து பாருங்கள் என்றிருக்கிறார் அதிகாரி.

கடையில் இப்போது அவள் அதிகம் பேசுவதில்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்வாள் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருப்பவர்களிடம், "சரியாத் தெரியுதா?" என்று மட்டும் கேட்கிறாள்.