அந்தப் பெண்ணின் பெயர் இங்கே இல்லை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கம்பம்மெட்டில் ஏலக்காய் மூட்டை தூக்கினேன். பிறகு சொந்தக் கடை, காய் உலர்த்தும் ஸ்டோர், மலைச்சரிவில் மூன்று மாடி வீடு... மண் சரியும், கட்டாதே என்றார்கள். கட்டினேன். நிற்கிறது.

இடுப்புதான் நிற்கவில்லை. குளியலறையில் விழுந்து எலும்பு முறிந்தது. என்னை எழுப்ப, குளிப்பாட்ட, மாத்திரை தர வீட்டோடு ஒரு பெண் இருக்கிறாள். ஆளைத் தேடிப் பேசி வைத்ததும் நான்தான்.

போன வாரம் என் மூத்த மகன் அவளுடைய ஆதார் கார்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். ‘அப்பாவைப் பார்த்துக்க வந்திருக்கும் பொண்ணு’ என்று கீழே ஒரு வரி வேறு. கம்பம் முதல் சிங்கப்பூர் வரை சொந்தக்காரர்கள் இருக்கும் குரூப் அது. மருமகள் அதை அவளிடமே காட்டியிருக்கிறாள்.

என்னைத் தூக்கி உட்காரவைக்க வந்தவள் கட்டில் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

“ஐயா, அந்தப் படத்த எடுக்கச் சொல்லுங்கய்யா. நான் இங்க இருக்கது ஒருத்தருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே நான் வேற ஊருக்குக் கெளம்பணும்.”

யாருக்கு? ஏன்? நான் கேட்கவில்லை. அவள் சொன்னதே போதும்.

மகனைக் கூப்பிட்டேன். பாதுகாப்புக்குத்தானே போட்டேன் என்றான். நாளைக்கு வீட்டில் ஏதாவது காணாமல் போனால் என்ன செய்வதாம்?

“கார்டு நகல் என் பீரோவுல இருக்கு, அது போதும். சித்தப்பன் மக்களுக்கெல்லாம் அவ வீட்டு அட்ரஸ் எதுக்குடா?”

“எல்லாம் சொந்தக்காரங்கதானப்பா.”

“உனக்குச் சொந்தம். அவளுக்கு யாரு?”

படத்தை அழித்தான். யார் யார் போனில் அந்தப் படம் இறங்கியிருக்கிறதோ, அவர்களுக்கெல்லாம் நானே பேசி அழிக்க வைத்தேன்.

ஏலக்காய் வியாபாரத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று வாங்குகிறவரிடம் வாய் திறக்க மாட்டோம். உள்ளங்கையில் சாம்பிளைக் கொட்டுவோம் — நிறத்தைப் பார், மணத்தைப் பார், அவ்வளவுதான். காய்க்கே இத்தனை காவல்! நம் உடம்பைத் துடைத்துவிடும் மனுஷிக்கு?

ஆனாலும் இரண்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. தெரியாத குரல். உங்கள் வீட்டில் இருக்கும் பொண்ணுக்கு எந்த ஊர், தெரிந்தவர் மாதிரி இருந்தது, சும்மாதான் கேட்கிறேன் என்றது. கஞ்சி டம்ளரோடு அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுல யாரு இருக்கா, யாரு இல்லன்னு வெளியாளுக்குச் சொல்ற பழக்கம் கெடையாது. போன வையி.”

அன்று காலையே அவள் பையைக் கட்டி வைத்திருந்தாளாம். மருமகள் பிறகுதான் சொன்னாள். போனை நான் வைத்ததும் அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். “காலை நீட்டுங்கய்யா, பயிற்சி செய்யணும்” என்றாள். மறுநாள் அவள் புடவை கொடியில் காய்ந்தது.

நம் சுகர் அளவை அவள் பக்கத்து வீட்டில் சொன்னால் சும்மா இருப்போமா? அவள் விஷயம் மட்டும் என்ன பொதுச் சொத்தா?

அவள் பெயர் என்ன, எந்த ஊர் என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். அடையாளம் தெரியாமலிருக்க இதிலேயே சிலதை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. குரூப்பில் என் மகனை ‘பொறுப்பான பையன்’ என்று புகழ்கிறார்களாம். அழித்தது அவன் விரல். அழிக்க வைத்தது நான். சொல்கிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்லட்டும்.