ஏழாம் அடுக்கின் உடைசல்கள்

அன்பரசன் ஊரைவிட்டுக் கிளம்பியது மாட்டுப் பொங்கல் அன்று. ஆம்பூர்ப் பக்கமெல்லாம் கொம்புகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த காலையில், ஒரு தோள்பையோடு காட்பாடி பஸ்ஸுக்காக நின்றான். அங்கிருந்து ரயில் பிடித்து குஜராத்தின் கச்சுக்குப் போக வேண்டும். தோல் பதனிடும் டேனரியில் அவனோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் தபரேஸ் வழியனுப்ப வந்திருந்தான்.

“இன்னாபா, கல்லு பொறுக்கவா அவ்ளோ தூரம் போற? நம்ம பாலாத்துல கல்லுக்கு இன்னா கம்மி? மணலைத்தானே அள்ளிட்டானுங்க.”

“தங்கச்சி கூப்ட்டா போவாம இருக்க முடியுமா?”

“போ தோஸ்த், போ. இங்க மட்டும் இன்னா, ஆர்டர் கொட்டுதா?”

அது உண்மைதான். ஆர்டர் இல்லாமல், கூப்பிடும்வரை வரவேண்டாம் என்று டேனரியில் சொல்லியிருந்தார்கள். தங்கை ஷர்மிளா நிலவியல் ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு உதவிக்கு வரவேண்டியவர் கடைசி நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விட, அண்ணனைக் கூப்பிட்டாள்.

அன்பரசனுக்குச் செலக்‌ஷன் வேலை. எங்கெங்கிருந்தோ வந்த தோல்கள் கலந்து குவிந்திருக்கும். ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்திக் கீறல் எல்லாம் பார்த்து, ஃபஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று பிரித்துப் போட வேண்டும். தோல் எந்த ஊர் ஆட்டினுடையது என்று யாரும் கேட்பதில்லை. இருபது வயதில் கற்ற அந்த வேலை கையோடு ஒட்டிக்கொண்டது. மார்க்கெட்டில் தக்காளிக் குவியலைப் பார்த்தால் பெரிசு, சிறிசு, அடிபட்டது என்று அவன் பாட்டுக்கு அடுக்கத் தொடங்கிவிடுவான். மனைவி அமிர்தவள்ளி தலையில் அடித்துக்கொள்வாள். “இது இன்னா டேனரியா? அரைக் கிலோ வாங்க வந்தோம்!”

கச்சில், வெயிலில் வெளுத்த ஒரு குன்றின் அடிவாரத்தில் கூடாரம். முதல் நாளே ஷர்மிளா ஒரு கல்லை அவன் கையில் கொடுத்தாள். கடாக் கொம்பு போலச் சுருண்டு, மேலெல்லாம் வரிவரியாக இருந்தது.

“அம்மோனைட்ணா. இங்கெல்லாம் கடல் இருந்தப்போ வாழ்ந்த ஒரு பிராணியோட ஓடு, கல்லாயிடுச்சு. இது ஜுராசிக் காலத்துப் பாறை. ஆனா அந்தக் காலமே கோடிக்கணக்கான வருஷம். இந்தப் பாறை அடுக்கு அதுல எந்தக் கட்டம்னு இதுதான் சொல்லும்.”

“கல்லு எப்படிச் சொல்லும்?”

“ஷூ ஃபேக்டரியில சீசனுக்கு சீசன் டிசைன் மாறுதுல்ல? பழைய ஷூவைக் காட்டினா எந்த வருஷத்து ஆர்டர்னு சொல்லிடுவியே. இதுலயும் ஒரு வகை வரும், கொஞ்ச காலத்துல அழியும், வேற வகை வரும். எந்த வகை எந்த அடுக்குல கிடைச்சுதுங்கறதுதான் கணக்கு.”

அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு துணிப்பை, பைக்குள் அடுக்கின் எண் எழுதிய சீட்டு. ஏழாம் அடுக்குதான் அவளுக்கு முக்கியம். அதன் வயதை இதுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. அவளுடைய ஆராய்ச்சியே அதை நம்பித்தான் இருந்தது. கல்லுக்காக யாரோ தோண்டிப்போட்ட பள்ளத்தின் சுவரில் மட்டும் அந்த அடுக்கு தெரிந்தது. அவர்கள் எடுத்த மறுநாளே சுவர் சரிந்து பள்ளம் மூடிக்கொண்டது.

ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதும் வேலை பாக்கியிருந்தது. அதற்குள் பூஜ் நகரத்தில் ஒருவரைப் பார்க்க ஷர்மிளா போக வேண்டியிருந்தது. “நான் வந்து எழுதிக்கறேன். பைங்களைப் பாத்துக்கோண்ணா.”

சாயங்காலம் அவள் திரும்பியபோது கூடாரத்துக்கு முன்னால் தார்ப்பாய் விரித்திருந்தது. அதில் அம்மோனைட்டுகள் பளபளவென்று துடைக்கப்பட்டு வரிசையாக இருந்தன. பெரியவை ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், சிறியவை ஒரு பக்கம்.

“ஃபஸ்ட் செலக்‌ஷனே எவ்ளோ தேறுது பாத்தியா!” என்றான் அன்பரசன்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எது எந்தப் பைல இருந்ததுண்ணா?”

“பையெல்லாம் உதறி மடிச்சு வெச்சிட்டேன்.”

“உள்ள சீட்டு இருந்துச்சே?”

“பத்திரமா இருக்குது பாப்பா. பறக்காம இருக்க, மொத்தமா சேத்து மேல கல்லு வெச்சிருக்கேன்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். “இதெல்லாம் இனி ஷோகேஸ்ல வெக்கத்தான்ணா ஆவும்,” என்றாள். தான் செய்தது என்னவென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“ஏழு எங்க?”

“அந்த உடைசல் பையா? அதுல ஒண்ணுகூட முழுசா இல்ல பாப்பா. எல்லாம் ரிஜெக்ட்டு. பிரிச்சுப் பாத்துட்டு அப்படியே கட்டி ஸ்டவ்வுக்குப் பின்னாடி போட்டுட்டேன்.”

ஷர்மிளா ஓடிப்போய்ப் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “இதையும் நீ தேத்தியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்ணா.”

மற்ற அடுக்குகளில் திரும்பவும் எடுத்தார்கள். இப்போது சுத்தியல் அன்பரசன் கையில். கல் பெயர்ந்து வந்த இடத்திலேயே ஷர்மிளாவை அதில் எண் எழுதவைத்தான். சரிவில் முழுசாக, அழகாக ஒன்று கிடந்தது. எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்ததோ, தெரியாது. குனிந்தவன் எடுக்காமல் நடந்தான்.

ஆனால் ஏழாம் அடுக்குக்கு அந்த ஒரு பைதான். “வெறும் துண்டுங்க. இதை வெச்சு யாராவது பேர் சொல்ல முடியுமான்னு தெரியல,” என்றாள் ஷர்மிளா, அவனை ரயிலேற்றும்போது. வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னாள்.

டேனரி திறந்தது. மேசையில் தபரேஸ் கேலி செய்தால் அவன் அடுத்த தோலை விரிப்பான். போனில் தங்கையிடம் அம்மாவின் சுகர், மழை, பஸ் எல்லாம் பேசுவான், கல்லைப் பற்றி மட்டும் கேட்கமாட்டான். மார்க்கெட்டில் கடைக்காரர் அள்ளிப்போட்ட தக்காளியை அப்படியே வாங்கிக்கொண்டு நடந்தான். “உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?” என்று அமிர்தவள்ளி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆடி போய், தீபாவளியும் போய், அடுத்த பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. சுண்ணாம்புக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு எடுத்துப் படித்தான்.

“அண்ணா, ஏழாம் அடுக்குக்கு வயசு கிடைச்சிடுச்சு. பாதி உடைஞ்ச ஒரு துண்டுல வரி ரெண்டா பிரியற இடம் தெளிவா இருந்துச்சாம், அதை வெச்சே வகையைச் சொல்லிட்டாங்க. உன் ஃபஸ்ட் செலக்‌ஷனெல்லாம் காலேஜ் ஷோகேஸ்ல ஜம்முனு உக்காந்திருக்கு. பொங்கலுக்கு வர்றேன். இனிமேலாச்சும் கேளுண்ணா, நீ கேப்பேன்னு எவ்ளோ நாளா பாத்துனு இருந்தேன்.”