அம்பலவாணர் வளர்த்த சாட்சிகள்

அம்பலவாணர் காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தால் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லி அழுவதை அவரே விரும்பமாட்டார்.

கிள்ளானில் இருந்த அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கழிவுநீரும் புகையும் அவர் பொறுப்பு. நான் அவருடைய தட்டச்சுக்காரி. எண்பதுகளில் பல வருடங்கள் அவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அவர் நாக்கிலிருந்து தப்பிப் பிழைத்தவள். முதல் வாரமே என்னிடம் சொன்னார்: "உமக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். ரெண்டிலயும் பேசாமல் இருக்கவும் தெரிய வேணும்."

அவர் நேர்மையைப் பற்றி நீங்கள் எல்லோரும் சொல்வது உண்மை. ஒரு முறை கழிவுத் தொட்டிக்குக் காற்றடிக்கும் இயந்திரம் பழுதானது. சுத்தமாகாத தண்ணீரை ஆற்றில் விடமாட்டேன் என்று உற்பத்தியையே நிறுத்திவிட்டார். மேலாளர் வந்து சத்தம் போட்டார். அப்படியானால் தண்ணீரை உங்கள் வீட்டுக் குளியல் தொட்டிக்கு அனுப்புகிறேன், முகவரியை எழுதிக் கொடுங்கள் என்றார் இவர். இயந்திரம் சரியாகும்வரை ஒரு மாத்திரைகூட வெளியே வரவில்லை. அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவருடைய பெரிய பெருமை, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த குளம். சுத்தம் செய்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும்முன் அதில் வந்து நிற்கும். அதில் திலாப்பியா மீன்களை விட்டு வளர்த்தார். அரசாங்க அதிகாரிகள் வந்தாலும் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து யார் வந்தாலும் நேரே அங்கே அழைத்துப் போவார். ரொட்டித் துண்டைப் போட்டதும் மீன்கள் கும்பலாக மேலே வரும். இவர்கள்தான் என்னுடைய சாட்சிகள் என்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொள்வார்கள். சுற்றுச்சூழல் பரிசு வருடா வருடம் எங்களுக்கே வந்தது.

குளத்தைச் சுற்றிப் புல் வெட்டியவர் லெட்சுமியக்கா. பண்டமாரானில் வீடு, துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகொடிந்த கணவர். ஒருநாள் வாசலில் காவலாளி அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே மூன்று திலாப்பியா இருந்தன. விசாரணை வைத்தார்கள். லெட்சுமியக்கா தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல என்னை உட்காரவைத்தார்கள்.

மேலாளருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எச்சரித்து அனுப்பிவிடலாம் என்றார். லெட்சுமியக்காவுக்குத் தைரியம் வந்து, இரக்கம் பிறக்கட்டும் என்று, கேட்காததையும் சொன்னார்: "மக மாசமா இருக்குய்யா. மீனுன்னா சாப்புடுது. அதான் அப்பப்ப ரெண்டு புடிச்சிட்டுப் போவேன்."

அம்பலவாணரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இரக்கம் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து நின்று, மேலாளரிடம் ஆங்கிலத்தில், இது திருட்டு, இன்றே வேலையைவிட்டு நீக்க வேண்டும், காரணத்தை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்றார். மேலாளரே திகைத்துப்போனார். திருடி என்ற வார்த்தையை நான்தான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அடுத்த நாள் அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் இருந்தது. நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். மீன்திருடி என்று நீங்கள் வைத்த பெயர் பண்டமாரான் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு எந்தத் தொழிற்சாலையும் அவரை உள்ளே விடவில்லை. கோயிலில் பாத்திரம் தேய்க்கப் போன இடத்தில்கூட, கரண்டிகளை எண்ணி வையுங்கள் என்று யாரோ கேலி பேசினார்களாம்.

போன மாதம் அம்பலவாணரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சுருங்கிப் போயிருந்தார், நாக்கு மட்டும் அப்படியே இருந்தது. நான் கொண்டுபோன ஆரஞ்சு புளிக்கிறது என்று முதலில் திட்டினார். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் குளத்துக்கு வந்தது. மூன்று மீனுக்காகவா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

நாம் என்ன மாத்திரை செய்தோம் என்று திருப்பிக் கேட்டார். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்றேன்.

"அதின்ர மருந்து தண்ணியில கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது. சட்டம் அதை அளக்கச் சொல்லேல்லை, நானும் அளக்கேல்லை. மீன் அதுக்குச் சாகாது பிள்ளை. நல்லாக் கொழுக்கும்."

சாப்பிடாதே என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னால் ஏன் எண்டு கேட்பினம். திருடி எண்டால் ஒருத்தரும் ஏன் எண்டு கேட்க மாட்டினம்."

மகளுக்குப் பிள்ளை நல்லபடியாகத்தானே பிறந்தது, பிறகென்ன என்றும் கேட்டார். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன் என்றார். அந்த மீனிலிருந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர் நம்பினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்பலவாணரின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சாவுக்கு வந்த கூட்டம் நிறைந்திருந்தது. கிள்ளான் ஆறு மூச்சுவிடுவதே இவரால்தான் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வெளியே கூடாரத்தின் கடைசி நாற்காலியில், மடியில் ஒரு மாலையோடு லெட்சுமியக்கா உட்கார்ந்திருந்தார். பஸ் மாறி மாறி வந்திருந்தார். என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் எதற்கக்கா வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த மனுசன் வேணும்னு ஒண்ணும் பண்ணல தங்கச்சி. நான் கேக்காம எடுத்தேன், திருடின்னு நெனச்சிட்டாரு. கண்டிப்பான ஆளு. தெரியாமத்தானே பண்ணாருன்னு நான் மன்னிச்சு எவ்வளவோ நாளாச்சு."

அந்த அம்மா திருடியாகவே செத்துப்போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் கேட்டதை எல்லாம் சொன்னேன். முதலில் அவர் கேட்டது மகளைப் பற்றித்தான். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரியாது என்று ஒத்துக்கொண்டேன்.

"அப்ப, தெரிஞ்சேதான் என்னத் திருடின்னாரா?"

ஆமாம் என்றேன். உள்ளே தேவாரம் ஆரம்பித்திருந்தது. லெட்சுமியக்கா மாலையைத் தூக்கி என் மடியில் வைத்தார். எத்தனையோ வருடமாக அந்த அம்மாவிடம் இருந்த ஒரே நிம்மதி அந்த மன்னிப்பு. அதையும் ஒரு நிமிடத்தில் பிடுங்கியாகிவிட்டது. செத்தும் அவரை ஒரு தடவை அடித்துவிட்டார் அம்பலவாணர், என் வாயால்.

"இத எங்கிட்ட சொல்லி என்னா தங்கச்சி? நான் திருடலன்னு எனக்குத் தெரியும். என்னத் திருடின்னவங்ககிட்ட போய்ச் சொல்லு."

உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். மாலையை நானும் போடவில்லை.

அம்பலவாணரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, இரண்டு மொழியிலும் பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும் என்ற அந்த வார்த்தை. அதை இன்றோடு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அறிவிப்புப் பலகையைப் படித்த எல்லோரும் இதையும் படியுங்கள். லெட்சுமியக்கா திருடி இல்லை. அந்த மீனை யாரும் தின்னக் கூடாது என்று அம்பலவாணருக்குத் தெரியும்.

இதுதான் என் அஞ்சலி.